இரண்டு தொப்பை எழுத்து

அந்துருண்டையும் ஈரக் காகிதமும் கலந்த வாசனை... மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருடம் நான் வேலை பார்த்த பதிவு அலுவலகத்தின் பின்னறை அப்படித்தான் மணக்கும்.

காஜா பேராங் என்ற ஊரிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். பியூன் வேலை. அலமாரியிலிருந்து பதிவேடு எடுத்துக் கொடுக்க வேண்டும், பார்த்து முடித்ததும் திரும்ப வைக்க வேண்டும்.

எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். பதிவேடுகளின் முதுகில் ஒட்டியிருந்த ஆங்கில எழுத்துகளுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். H ஏணி. S பாம்பு. P ஒரு தொப்பை. B இரண்டு தொப்பை.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். தமிழே இந்த வருடம்தான் எழுதப் படித்தேன். ஒரு விரலால் தட்டுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

குடியுரிமைக்குப் பிறப்புப் பத்திரம் கேட்ட காலம் அது. பேச்சியம்மாள் என்ற அக்கா மூன்றாவது தடவையாக வந்து நின்றார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். பத்திரம் இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

“பொறந்தது இங்க. அங்க எறக்கிவிட்டா நான் எந்தப் பக்கம் நடப்பேன் தம்பி?”

தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா, கம்போங் செட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே மலாயாவில் தங்கிவிட்ட தமிழ் வம்சம். பெயரில் பிள்ளை உண்டு, வாயில் தமிழ் கிடையாது. மலாய்தான் பேசுவார். நல்ல மனிதர். ஒரு தொப்பைப் பதிவேட்டை மறுபடியும் பார்த்துவிட்டு மூடினார்.

“தாக் அடா.” இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான்.

எனக்குப் பொறி தட்டியது. வருகைப் பதிவில் என் பெயரை அவர்தான் எழுதியிருந்தார். பழனி என்ற எனக்கு அதில் இரண்டு தொப்பை. நமக்கு ஒரே ‘ப’, ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து... அவர் கை தவறியது போல, அக்காவின் பிறப்பை எழுதிய தோட்டத்துக் கிராணியின் கையும் தவறியிருக்கலாமே?

யாரும் கேட்காமலே இரண்டு தொப்பைப் பதிவேட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன்.

“படிக்கத் தெரியாத நீ எனக்குத் தேடச் சொல்லித் தருகிறாயா?” என்று மலாயில் கேட்டார்.

“நீங்க வாசிங்க துவான். நான் கேக்குறேன்.” நானும் மலாயில்தான் சொன்னேன்; துவான் என்றால் ஐயா. நகரவில்லை.

சலிப்போடு வாசித்தார். பாபு... பாலா... பெட்சி. நிறுத்திவிட்டுச் சிரித்தார். “பெட்சியா? இது வெள்ளைக்காரி.”

“அப்பா பேரு என்ன துவான்?”

“சூடலே.”

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். “சுடலை... எங்கப்பாரு.”

பேச்சிதான் அங்கே பெட்சியாகியிருந்தாள். அக்காவே சொன்னார்: “பெட்சின்னா பெட்சி. இங்கதான பொறந்திருக்கா? இப்ப கப்பல் ஏத்தச் சொல்லுங்க, பாப்போம்.”

பத்திரம் கிடைத்தது, குடியுரிமையும் கிடைத்தது. மறுநாள் வருகைப் பதிவில் என் பெயரிலிருந்து ஒரு தொப்பையைக் கிராணி சுரண்டி எடுத்திருந்தார்.

போன மாதம் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். தலை நரைத்தவர், கையில் லேப்டாப். பழைய பதிவேடுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம். பெயரைத் தட்டினால் நொடியில் வருமாம். தோட்டத்துக்காரர்கள் பலரைத் தேடினாராம், வரவில்லையாம்.

“பதிவே பண்ணல போல ஐயா. கட்டுரையில அப்படித்தான் எழுதப் போறேன்.”

“தேடினேன், கெடைக்கலன்னு எழுதுங்க சார். பண்ணலன்னு எழுதாதீங்க.”

பெட்சி கதையைச் சொன்னேன். B போட்டுத் தட்டிப் பார்த்தார். சில பெயர்கள் வந்தன. முகம் மலர்ந்துவிட்டது. உடனே கேட்டார்:

“இதுக்கு ரெஃபரன்ஸ் இருக்கா ஐயா? எங்கயாச்சும் எழுதியிருக்கா?”

எங்கும் இல்லை...

அன்றைக்கு நாங்கள் தூசியில் இருமிக்கொண்டு தேடினோம். இன்றைக்கு இருமல் இல்லை, சட்டென்று வருகிறது. ஆனால் எழுதி வைத்தது மட்டும்தான் வருகிறது. எழுதத் தெரியாதவன் கண்டுபிடித்தது அதில் எப்படி வரும்?

அதனால்தான் மூன்று நாள் உட்கார்ந்து இதைத் தட்டினேன். எங்கும் எழுதவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். தேட வருகிறவர்கள் என் பிழையையும் சேர்த்தே தேடட்டும்.