சல்லடை இல்லாமல் மூடிய பம்பு

கந்தர்வக்கோட்டையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை டிரைவர் காதர் கொண்டுவந்தார். அதன் பெட்ரோல் பம்பில் துரு அடைத்திருந்தது. சுத்தம் செய்தேன். துருவைத் தடுக்க உள்ளிருந்த சல்லடை கிழிந்திருந்தது. புதிது வாங்கத் தஞ்சாவூர் போகச் சோம்பல்பட்டு, அது இல்லாமலே மூடிக் கொடுத்தேன்.

மறுவாரம், பிரசவ வலியில் துடித்த மனைவியை அதே லாரியில் ஏற்றிக்கொண்டு காதர் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழியில் பம்பு மறுபடி அடைத்து வண்டி நின்றுவிட்டது. மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தும் குழந்தை பிழைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். காதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய வண்டிண்ணே. ஒங்க மேல என்ன குத்தம்? நீங்க நல்லாத்தான் பாத்துக் குடுத்தீங்க."

நான் தலையாட்டினேன்.

அதன்பிறகும் அவர் என்னிடமேதான் வண்டியை விட்டார். சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார் என்றே இன்று தோன்றுகிறது. அந்த மன்னிப்பைக் கேட்கத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.