டீமேக்கரய்யாவுக்குப் பிடித்த வெள்ளி

தேயிலைத் தூளைச் சலித்துச் சலித்தே தலை நரைத்தவன் நான். தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றதும் இனி வானத்தைச் சலிக்கலாம் என்று கொழும்பிலிருந்து ஒரு பழைய தொலைநோக்கியை வாங்கி வந்தேன். வீடு இருப்பதோ நமுனுகுல மலையடியில். பாதி வருடம் மூட்டம், மீதி வருடம் மழை. கொஞ்சமாவது புத்தி இருந்திருந்தால் அந்தக் காசுக்கு நல்ல குடை வாங்கியிருப்பேன்.

“கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்” என்றாள் மனைவி. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் என்னைத் திட்டுவதென்றால் அவள் வைகுண்டம் வரைக்கும் போய்விட்டு வருவாள்.

எனக்கு வேண்டியது நிலவோ சனியின் வளையமோ அல்ல. நெபுலா. நட்சத்திரங்களுக்கு நடுவில் பரந்து கிடக்கும் வாயு மேகம். மேகமென்றால் நம் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் வருகிறதே, அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். நானோ மேகத்தைப் படமெடுக்க மேகம் விலகக் காத்திருந்தேன்.

முதல் மாதம் நான் எடுத்ததில் தெளிவாக விழுந்த ஒரே படம் எங்கள் கொய்யாமரக் கிளை. மூடியைக் கழற்றாமலே ஒரு மாலை முழுவதும் படமெடுத்துவிட்டு, இது இருண்ட வகை நெபுலா என்று நம்பியதும் உண்டு. பனி கோர்த்துக் கண்ணாடி மங்கியது. அதற்காக மனைவியின் கம்பளித் துண்டைக் குழாய்க்குச் சுற்றினேன். தடிமன் பிடித்து மூக்கொழுகும் பிள்ளையை வெளியே நிறுத்தி வைத்திருப்பது போல இருந்தது. பாதையில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு பில்டர் வாங்கினேன். அதுவும் சல்லடைதான். நெபுலாவின் சிவப்பையும் நீலப்பச்சையையும் மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கின் மஞ்சளைக் கழித்துவிடும். சல்லடை எனக்குத் தெரியாததா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஆனால் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் எல்லா நிறமும் கலந்திருக்கும், எந்தச் சல்லடையிலும் அது கொஞ்சம் தப்பி வரும் என்பதைப் பக்கத்து லயத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றின் கூரையிலிருந்த வெள்ளிதான் எனக்குக் கற்றுத் தந்தது.

எங்கள் பக்கம் நட்சத்திரத்தை வெள்ளி என்போம். கிறிஸ்மஸுக்கு மூங்கிலில் வெள்ளி கட்டி, உள்ளே விளக்குப் போட்டு, கூரைக்கு மேல் உயர்த்துவது வழக்கம். மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் இறக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்து நாங்களெல்லாம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட பிறகும் அங்கே கிறிஸ்மஸ் எரிந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் இரவு ஏற ஏற ஓரியன் நெபுலா மேற்கே சாய்ந்து, சரியாக அந்தக் கூரைக்கு மேல்தான் வந்து நிற்கும். வெளிச்சம் மூட்டத்தில் பட்டு, படமெல்லாம் வெள்ளையடித்த சுவராக விழுந்தது.

கேட்டுவிடுவதென்று ஒரு மாலை கிளம்பினேன். அந்த வீட்டு அம்மா முன்பு எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், கணவர் இல்லை. ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். தபசு காலத்தில் வெள்ளி எரிவது முறையா என்று தொடங்கலாமென வழியெல்லாம் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன். சுயநலத்துக்கு வேதத்தைத் துணைக்குக் கூப்பிடும் கெட்டித்தனம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்த அம்மா நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டு, பால் சேர்க்காத பிளேன்டி கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மகள் படத்தில் வந்தாள். சுகம்கூட விசாரிக்காமல் அவள் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, வெள்ளி எரியுதா? காட்டுங்க” என்பதுதான். தாய் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

கிறிஸ்மஸுக்கு வருவதாக இருந்தவளை வேலை செய்யும் வீட்டில் விடவில்லையாம். ஈஸ்டருக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். போனில் என்னைக் கண்டதும் அவளே சொன்னாள்: “நான் வந்து என் கையால எறக்குறேன்னு சொல்லியிருக்கேங்கய்யா. அதுவரைக்கும் எங்க வீட்ல கிறிஸ்மஸ் முடியல.” பிறகு, அய்யா என்ன விசயமாக வந்தீர்கள் என்று கேட்டாள்.

“வெள்ளி ரொம்ப அழகா இருக்கு. கிட்ட நின்னு பாக்கலாம்னு வந்தேன்” என்றேன்.

டீமேக்கரய்யாவே நடந்து வந்து பார்த்துப் பாராட்டிய வெள்ளி என்று லயம் முழுக்கப் பேச்சு. அடுத்த வாரமே அதைச் சுற்றி மின்மினி விளக்குச் சரம் ஏறியது. சிவப்பு, பச்சை, நீலம். என் பில்டர் எந்த நிறங்களை உள்ளே விடுமோ, பொறுக்கி எடுத்தது போல அதே நிறங்கள். மனைவி சிரித்த சிரிப்பு பண்டாரவளை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஈஸ்டர் நெருங்கிய நாட்களில் ஒரு மாலை, பெருமழை விட்டு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. லயத்துக் கூரை இருட்டாகக் கிடந்தது. மகள் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. போய் விசாரிக்கவில்லை, தொலைநோக்கியைத்தான் வெளியே தூக்கினேன். ஓரியன் கூரைக்குப் பின்னால் இறங்கும்வரை படம் படமாக எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். சிவந்த இறகை விரித்தாற்போல நெபுலா வந்தது. நடுவில் நீலம், ஓரத்தில் மெல்லிய புகை. கண் கலங்கிவிட்டது எனக்கு. “கோழியப் புடிச்சிட்டீங்க போல” என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து அது பெரிய விருது.

மறுநாள் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, வந்த பிள்ளைக்கென்று கேக்கும் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் அந்த அம்மா மட்டும்தான் இருந்தார். வெள்ளி சுவரோரம் சாய்ந்திருந்தது, விளக்குச் சரம் அதன்மேல் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மகள் எங்கே என்று கேட்டேன்.

“வரலீங்கய்யா. இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதி வாங்கிட்டாங்களாம். எறக்கிருங்கம்மான்னு அவளே சொல்லிட்டா.”

கேக்கை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவர், தப்புச் செய்தவர் போலத் தலையைக் குனிந்தார்.

“அய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லாம எறக்கிட்டேன். ஒங்களுக்குத்தான் அத ரொம்பப் புடிக்கும். கோவிச்சுக்காதீங்க.”

போன் சட்டைப்பையிலேயே இருந்தது, அதை நான் வெளியே எடுக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி அவரே பேசினார்: “வேணும்னா ஒங்களுக்காக ஏத்துறேங்கய்யா. எனக்கும் பொழுது சாஞ்சா இருட்டா கெடக்குற அந்தக் கூரைப் பக்கம் பாக்க முடியல.”

“ஏத்துங்க” என்றேன். “அந்தச் சரத்தையும் சேத்துக் கட்டுங்க.”

அவர் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.