மணமகளின் நிறம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரகரமும் றகரமும் இன்றும் எனக்கு இடம் மாறிவிடும். பிழைகளைப் பொறுத்து வாசிக்க வேண்டும்.

கல்யாண மண்டபங்களில் பெரிய எல்.இ.டி. திரையில் ஓடுகிற வீடியோ செய்வது என் தொழில். பொன்னெழுத்தில் பெயர்கள் சுழன்று வரும், பூ உதிரும், நடுவில் மணமக்களின் படம் மெல்ல அசையும். பிறர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே படித்தேன். ஆங்கிலம் வாசிக்க வராது. முடித்த வீடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே எடுக்கும்போது நிறத்துக்கென்று ஒரு பட்டியல் விரியும். மேலிருந்து மூன்றாவது வரியைத் தொட வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைத் தொட்டால் மானிட்டரில் கண்ட நிறம் திரையிலும் அப்படியே வரும். அது போதுமென்று இருந்தேன்.

கொட்டாரம் ஊரில் ஒரு கல்யாணம். அதற்கு முந்தின வாரம் அந்த சாஃப்ட்வேர் அப்டேட் ஆகி, பட்டியலின் தலையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. பழக்கத்தில் மூன்றாவதையே தொட்டேன். வெளியே எடுத்ததைத் திறந்தும் பார்க்காமல் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

மண்டபத்தில் வீடியோ ஓடியபோது, மானிட்டரில் நான் கண்ட நிறம் அதில் இல்லை. பச்சைப் பட்டு கறுப்பாகத் தெரிந்தது. பெண்ணின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் துலங்கின. மாப்பிள்ளை நல்ல வெளுப்பு. அவர் முகத்தில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

"ஏட்டி, பெண்ணு பாக்கப் போனப்ப இப்படி இல்லியே?"

"அன்னைக்குப் பவுடர் தாராளம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளை படத்துல ரொம்பக் கறுத்துப் போச்சே. மெஷின்ல ஏதும் கோளாறா?"

அந்தப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. அன்று எழுந்தது.

"மெஷின் உள்ளதைத்தான் காட்டும்" என்றேன்.

அவர் பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டார். மேடை பத்தடி தூரத்தில் இருந்தது. பெண் அதன்பிறகு தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டியலை விரல் வைத்து எண்ணிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நான்காவது வரியைத் தொட்டு மறுபடி எடுத்தேன். பட்டு பச்சையாக வந்தது. பெண் மாநிறமாக, லட்சணமாக இருந்தாள்.

மறுவீட்டுக்கு அவள் வந்திருந்த அன்று அதைக் கொண்டுபோனேன். தவறு என்னுடையது என்று சொல்ல வேண்டிய வார்த்தைகளை பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டிவியில் போட்டுப் பார்த்த அவள் அப்பா, நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெனக்கெட்டு வெளுப்பாக்கிக் கொண்டு வந்திருக்கியளே. அதுக்கு ஒரு மனசு வேணும் அண்ணாச்சி."

நான் சிரித்தேன். மறுக்கவில்லை.

பெண் உள்ளிருந்து வந்து சற்று நேரம் பார்த்தாள். "இது வேண்டாம்ப்பா. நிறம் ஏத்தின படம்னு அதுக்கும் சிரிப்பாவ. பழசே இருக்கட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்கிடாதீங்க மாமா. சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

நான் சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டில் இருப்பது பழைய வீடியோதான். மகளே, இரண்டாவதில் நான் எதையும் ஏற்றவில்லை. அதுதான் உன் நிறம். முதலாவது, வாசிக்கத் தெரியாமல் நான் செய்த பிழை. மண்டபத்தில் சொன்னது பிழையல்ல, பொய். நேரில் சொல்ல இரண்டு முறை உங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். இந்தத் தாளை உன் கையில் தருவேன். அன்று சிரித்தவர்களுக்கும் நீ இதை வாசித்துக் காட்டலாம்.

ஐப்பசி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை.