மைதானத்தில் காய்ந்த வேட்டி

என் கணவருக்கு ஆகாய விமானத்தில் ஏறிப் பார்க்க ஆசை. திருச்சிக்கு வெளியே மைதானத்தில் சின்ன விமானம் ஒன்று வந்திருக்கிறது, டிக்கெட் வாங்கினால் ஒரு சுற்று கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்றேன். சிரித்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் மாமனாரும் கூடவே வண்டியில் போனோம்.

அவர் மேலே கிளம்பியதும் மாமனார் மைதானத்து ஓரக் கிணற்றில் தீர்த்தமாடினார். வேட்டியைத் துவைத்துப் புல்லில் நீளமாக விரித்து, அதன் தலைமாட்டில் உத்தரீயத்தைக் குறுக்கே போட்டார். மடி உடுத்தாமல் அவர் வாயில் ஒரு பருக்கை போகாது. குளிக்காத கை, அவர் பாஷையில் விழுப்பு, பட்டுவிட்டால் அந்த வேட்டி அப்புறம் மடிக்கு ஆகாது. இந்த மடிக்கு எங்கள் வீடே நடுங்கும்.

அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்று விமானிக்குக் காட்ட, மைதானத்து ஆள் இரண்டு வெள்ளைத் துணிகளை, ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்று குறுக்காக வரும்படி, தரையில் விரித்திருந்தார். அவற்றை அவசரமாகத் திருப்பிப் போட்டவர், மாமனாரின் வேட்டியைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார்.

"சாமி, இத எடுத்துருங்க. மேலேருந்து பாத்தா நம்ம துணி மாதிரியே தெரியும். தப்பான பக்கமா எறக்கிடுவாரு."

"ஆகாசத்துல போறவனுக்கு என் வேட்டிதான் கண்ணுல படறதாக்கும். இன்னும் காயல, தொடாதீங்கோ."

விமானச் சத்தம் நெருங்கியது. வேட்டியை எடுக்க ஓடிப்போய்க் குனிந்தேன்.

"விழுப்போட தொடாதே" என்றார் மாமனார்.

கை நின்றுவிட்டது. வேட்டி காட்டிய பக்கமாகவே விமானம் இறங்கியது. பின்னாலிருந்து காற்று தள்ள, தரையில் மோதி எகிறி, மறுபடியும் மோதியது. சக்கரம் பிய்ந்துபோய், இறக்கை மண்ணில் இடித்து நின்றது.

விமானி தானே இறங்கினார். என் கணவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். தொடையிலிருந்து ரத்தம் கொட்டியது. மாமனார் அந்த வேட்டியை அள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். கிழித்துக் கட்டினார். ஒரு முனையை மைதானத்து ஆள் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலக்கரை தாண்டும்போது, மாமனார் என்னைப் பார்த்தார்.

"நீயாவது எடுத்திருக்கப்படாதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை அவரிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியவளில்லை நான்.

"இனிமே உங்களக் கேட்டுண்டு நிக்க மாட்டேன்" என்றேன்.

கணவர் பிழைத்தார், நடக்கும்போது கால் கொஞ்சம் இழுக்கும். அதன் பிறகு நான் எதற்கும் மாமனாரைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவரும் என்னிடம் "தொடாதே" என்று சொன்னதில்லை.