தானே தூக்கக்கூடிய வண்டி

தொண்டைமானாற்று அணைக் கதவுகளை இரண்டாம் தரமும் திறந்துவிட்ட மாரி அது. ஏழாலைப் பக்கம் வெங்காயம் நிலத்திலேயே அழுகி, சுன்னாகம் சந்தையில் தராசுகள் சும்மா தொங்கின. எங்கள் கரையில் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டிருந்தோம். அந்தக் கிழமைதான் நல்லையா அண்ணை போனார். ஏழாலையில் நடந்த சாவு எனக்குக் கனடாவால் வந்தது. அங்கே இருக்கிற என் மகள் போன் எடுத்து, "அப்பா, நல்லையா மாமா மோசம் போயிட்டாராம். இங்கை எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றாள். ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது செத்த வீட்டுக்குப் போனபிறகுதான் விளங்கியது.

அவரோடு பழகியவர்கள் வாசிக்க நாலு வார்த்தை சொல்லுங்கோ என்று வாசிகசாலையில் கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் இப்போது ஒரு கதை ஓடுகிறது. வயதுக்கு அடங்காத கிழவன், பெடியள் ஓடுகிற வண்டியை ஆசைப்பட்டு வாங்கி, ஓடத் தெரியாமல் விழுந்து செத்தான் என்று. அவரைத் தெரிந்தவர்களே அப்படிக் கதைக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நான் கருவாடு விற்றவன். அண்ணை வெங்காயம் செய்தவர். சுன்னாகம் சந்தையில் என் தட்டும் அவர் சாக்கும் எத்தனையோ வருஷம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் அவரை நிமிர்ந்த முதுகோடு மோட்டார் சைக்கிளில் கண்டதில்லை. பின்னால் வெங்காயப் பிடி, முன்னால் பசளைப் பை, கைபிடியில் மருந்துப் போத்தல். பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோமே, அதற்கு அடுத்த வருஷம், தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: "ஓய், சாமான் இல்லாமல் ஒருக்கா ஓடிப் பாக்கவேணும். ஒரு அலுவலும் இல்லாமல். றோட்டிலை இல்லை. மணலிலை, வெளியிலை."

மூன்று பேர் சேர்ந்தோம். மூன்றாவது ஆள் அளவெட்டித் தவில்காரர் வேலாயுதம். விரல் விறைத்துத் தவிலை விட்ட மனிதர். வாய் மட்டும் விறைக்கவில்லை. என்னிடம் பழைய வண்டி ஒன்று, அவரிடம் அதிலும் பழையது ஒன்று. மணலுக்கு ஏற்ற வண்டி மூவரிடமும் இல்லை. வெளிநாட்டில் இருந்து வண்டி வருவது நின்றிருந்த காலம். இருக்கிற பழசுகளுக்குள்தான் தேடவேண்டும். முதலில் அண்ணைக்கு ஒன்று எடுப்போம் என்று வீடு வீடாகப் போனோம்.

அவர் பார்த்த முறையை நீங்கள் ஒருவரும் காணவில்லை. நான் கண்டேன். முதல் வீட்டில் ஒருவர் வண்டியைக் கழுவி, விளக்குக்குச் சந்தனம் தடவி நிறுத்தியிருந்தார். அண்ணை எஞ்சினைப் பார்க்கவில்லை, கிலோமீற்றரைப் பார்க்கவில்லை. "தம்பி, இதை ஒருக்கா நிலத்திலை சரிச்சு விடும்" என்றார். அந்த மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஐயா, வாங்க முதலே விழுத்துறியளோ? அபசகுனமெல்லோ!"

வேலாயுதம் வாயைப் பொத்திக்கொண்டு, "பொம்பிளை பாக்க வந்த இடத்திலை பொம்பிளையைத் தடக்கி விழுத்திப் பாக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை" என்றார்.

அண்ணை சிரிக்கவில்லை. "மணலிலை விழாமல் ஓடேலாது. விழுந்ததை நானே தூக்கவேணும். ஆளைக் கூப்பிட வைக்கிற வண்டி எனக்கு வேண்டாம்." இதுதான் அவர் சொன்ன சொல். மருமகளிடம் இதை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

இணுவிலில் ஒரு வீட்டில் உயரமான சிவப்பு வண்டி ஒன்று நின்றது. பெரிய எஞ்சின், கட்டை கட்டையாய்ப் பூப் போட்ட ரயர். பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. வீட்டுக்காரப் பெடியன் ஒரு உதை உதைத்து முறுக்கினான். முன்வீட்டு மனிசி முற்றத்தில் நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பெடியனுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. சண்டைக் காலத்து ஊரடங்கில் முகத்தை மூடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தவர்களின் வண்டிச் சத்தம் அது. அந்தச் சத்தம் வந்து போன பிறகு வீடுகளில் ஆட்கள் குறைந்திருப்பார்கள். "நிப்பாட்டும் தம்பி" என்றார் அண்ணை. வெளியே வந்து, "உதிலை ஏறி நான் ஆரின்ரை ஒழுங்கையாலை போறது?" என்று கேட்டார்.

கடைசியில் கோண்டாவிலில் கிடைத்தது. நீல நிறம், சின்ன எஞ்சின், பழைய ஜப்பான் வண்டி. மின்கம்பி பார்க்கிற ஒருவர் வயலும் வரம்புமாக ஓடியது. அண்ணை ஏறி இருந்தார். இரண்டு பாதமும் குதியோடு நிலத்தில் படிந்தன. இறங்கினார். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சரித்தார். முதுகைக் கொடுத்து, கைபிடியையும் பின்கம்பியையும் பிடித்து, தானே நிமிர்த்தினார். உதைத்தார். தையல் மெசின் சத்தம். வேலாயுதம் தலையை ஆட்டினார்: "இது ஊரை எழுப்பாது." "ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு அண்ணை வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நல்ல குரல் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் நான் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தேன். கனடாவில் இருந்து மகன் ரமேஸ் வீடியோவில் வந்தான். அண்ணைக்கு அவன் ஒரே பிள்ளை. அவனைப் பதினேழு வயதில் அனுப்பியது ஏன் என்று ஏழாலை முழுக்கத் தெரியும். இணுவிலில் நாங்கள் கேட்ட அதே வண்டிச் சத்தம் அப்போது அவர்கள் ஒழுங்கையில் இரண்டு நாள் தொடர்ந்து கேட்டது. மூன்றாம் நாள் தாயின் தாலிக்கொடியும் மேற்குக் காணியும் விலைக்குப் போய்விட்டன, பிள்ளையும் போய்விட்டான். இப்போது அவன் அங்கே லீவு நாட்களில் காட்டுக்குள் சிநேகிதரோடு வண்டி ஓடுகிறவன்.

"அப்பா, அந்தப் பழசை விடுங்கோ. நான் உங்களுக்கு ஒண்டு ஒழுங்கு பண்ணிப்போட்டன். நான் இங்கை ஓடுற அதே வண்டி, அதே சிவப்பு. கொழும்பாலை லொறியிலை வருது!"

அண்ணையின் முகத்தை நான் பார்த்தேன். ரமேஸ் பார்த்தது சிரிப்பை மட்டும்தான். "ஓம் மோனை" என்றார். "ஓம் மோனை, நல்லது."

லொறி வந்தது. இறக்கினார்கள். அண்ணையின் இடுப்புக்கு மேலே இருக்கை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போய், கல்லில் ஏறி, அதிலிருந்து வண்டியில் ஏறினார். ஏறினபிறகு கால் தொங்கியது, கடவுளே, சின்னப் பிள்ளை கதிரையில் இருக்கிற மாதிரி. ரமேசுக்குப் படம் அனுப்பவேண்டும். வலப்பக்கம் வேலாயுதம், இடப்பக்கம் நான், சரியாமல் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றோம். பக்கத்து வீட்டு ஆள் எங்கள் தலை படத்தில் விழாமல் எடுத்தார்.

இறங்கினபிறகு அண்ணை சொன்னார்: "உயரம், பாரம், சத்தம் எண்டு ரமேசுக்கு ரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. அவன் தன்ரை ஆசையை எனக்கு அனுப்பியிருக்கிறான்."

"உங்கடை ஆசை?" என்று கேட்டேன்.

"அதை நீர் எடும். உமக்குக் கால் என்னிலும் கட்டை."

அப்படித்தான் நீல வண்டி எனக்கு வந்தது. எனக்கு அவரில் உள்ள கோபம் அந்த இடத்தில் தொடங்கியது, இன்னும் தீரவில்லை. பிள்ளைக்கு ஒரு சொல், "மோனை, எனக்கு எட்டேல்லை" என்று ஒரே ஒரு சொல், சொல்லக் கூச்சப்பட்ட மனிதர். வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பினதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் இல்லை. மாபிள் போட்ட வீட்டில் வழுக்கி விழுகிறோம், குளிர் உடுப்பைப் போட்டு வேர்க்கிறோம், படம் எடுத்து அனுப்புகிறோம்.

பிறகு ஓடினோம். ஆனால் எங்கே ஓடுவது என்பதை அந்த வண்டிதான் தீர்மானித்தது. கால் ஊன்ற உயரமான இடம் இருக்கிற பாதை மட்டும்தான் அவருக்குச் சரி. மதகு, வைரவர் கோயில் படி, இடிந்த வீட்டின் அத்திவாரம். ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை நிற்காமல் ஓடுவார். இடையில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்க மாட்டார். ஒழுங்கையில் பாக்கியம் என்று ஒரு மனிசி இருக்கிறாள். அவளுடைய மகனைக் கொண்டுபோனவர்கள் அந்தச் சத்தத்தோடுதான் வந்தார்கள். அவளுக்காக அண்ணை வண்டியைப் பிரதான வீதிவரை உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்ராட் பண்ணுவார். வேர்த்து ஒழுகும். ஆனால் ரமேஸ் வீடியோவில் வந்து, "அப்பா, ஒருக்கா முறுக்கிக் காட்டுங்கோ, சத்தத்தைக் கேப்பம்" என்று கேட்டால் முற்றத்திலேயே முறுக்கவேண்டும். பாக்கியத்தின் கதவு சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். கனடாவுக்குக் கேட்காது.

ஒரே ஒரு நாள் நன்றாக இருந்தது. ஆவணி மாதம், தொண்டைமானாற்று வெளி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அங்கே மதகும் இல்லை, கல்லும் இல்லை. "மாத்துவம் அண்ணை" என்று நான் நீல வண்டியைக் கொடுத்தேன். அவர் போனார். வளைந்தார், சுழன்றார், புழுதிக்குள் மறைந்தார். பிறகு வெளியின் நட்டநடுவில், பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில், நிறுத்தினார். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார். நாங்கள் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஓடிப்போனோம். "ஒண்டுமில்லை. சும்மா நிக்கிறன்" என்றார். "நினைச்ச இடத்திலை நிக்கிறது என்ன சுகம் ஓய்."

"அப்ப அதையே வைச்சிருங்கோவன்" என்றார் வேலாயுதம்.

"பின்னேரம் அவன் வீடியோவிலை வருவான். சிவப்பைக் கேப்பான்."

மணற்காட்டில் விழுந்ததைச் சொல்லவேண்டும். சவுக்கு மரங்களுக்கு இடையிலான மணல் பாதை. விறகு கட்டிக்கொண்டு ஒரு மனிசி குறுக்கே வந்தாள். அவர் பிறேக் பிடித்தார். வண்டி நின்றது. அவர் இடக்காலை நீட்டினார். அந்த இடத்தில் நிலம் இல்லை. ஓடத் தெரியாமல் விழவில்லை, கேளுங்கோ. நின்று விழுந்தார். அந்த மனிசியில் முட்டாமல் நிறுத்தி, நிறுத்தினபிறகு விழுந்தார். வண்டி இடுப்பில் கிடந்தது. நானும் வேலாயுதமும் இழுத்தோம். இரண்டு கிழவர்கள், கீழே மணல். அது அசையவில்லை. அண்ணை கீழே கிடந்தபடி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஓய். ஆளைக் கூப்பிடும்."

கரைவலைக்காரர் ஓடிவந்து தூக்கினார்கள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. அதன்பிறகு அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அவர் படுக்கையில் கிடக்கும்போதே வேலாயுதம் நெஞ்சுவலியில் போனார். அதை அவருக்குச் சொன்னபோது, "அவனுக்குச் சுகமாப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

செத்த வீட்டில் ரமேஸ் நின்றான். ஒழுங்கை வாயிலில் பெரிய பதாகை. அதில் அந்தப் படம்தான். உயரத்தில் அண்ணை சிரித்துக்கொண்டு இருக்கிறார். ஓரத்தில், பின்கம்பியைப் பிடித்தபடி, வெட்டுப்படாமல் தப்பிய என் நாலு விரல். சிவப்பு வண்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். ரமேஸ் என்னைக் கண்டதும் அழுதான். அது பொய் அழுகை இல்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "மாமா, இந்த வயசிலை அப்பாவை உந்த விளையாட்டுக்கு இழுத்தது நீங்கள்தானே. பக்குவமாய் ஒண்டு பாத்துக் குடுத்திருக்கக் கூடாதோ?"

நான் பதாகையில் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் எழும்பி உள்ளே போனாள். அண்ணை சொல்லாதே என்றார். அவர் மூச்சு இருக்கும்வரை சொல்லவில்லை. கிரியை முடியும்வரையும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊர் கதைக்கும்போது, அந்தச் சொல்லை இனி என்னால் காக்க முடியாது. ரமேசும் இதை வாசிக்கட்டும். நோகும். நோகட்டும்.

நல்லையா அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நீல வண்டி. இடைக்கிடை வெளிக்குக் கொண்டுபோய்ச் சரித்துவிட்டு, முதுகைக் கொடுத்து நானே நிமிர்த்திப் பார்க்கிறேன். நிமிர்த்த ஏலாத நாளில் கொடுத்துவிடுவேன். கோண்டாவில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் அவர் தனக்கு வேண்டியதைச் சரியாகத் தெரிந்தெடுத்தார். அதைக் கண்ணால் கண்டு, வாயால் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர் இருந்தோம். அவர் போய்விட்டார். வேலாயுதம் போய்விட்டார். இனி இருப்பது தொண்டைமானாற்றுக் கருவாட்டுச் சின்னத்துரை.