பாலத்துக்கு இந்தப் பக்கம்

நெப்ராஸ்காவின் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வெர்லின் கோஸ்ட்கா கால்நடை டாக்டர். பாலத்தைத் தாண்டினால் அடுத்த மாநிலம். மாட்டுக்கும் குதிரைக்கும் எல்லை தெரியாவிட்டாலும் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லைசென்ஸ். வெர்லின் இரண்டும் வைத்திருந்தவர்தான். அறுபது தாண்டியதும் அக்கரை லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்.

காரணம் சோம்பல். புதுப்பிக்க வேண்டுமென்றால் அந்த மாநிலச் சட்ட வகுப்பில் ஒரு நாள் உட்கார வேண்டும். முன்பெல்லாம் வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு மெல்ல நழுவி, மோட்டல் உணவகத்தில் ஆப்பிள் பை என்னும் இனிப்புப் பண்டமும் ஊர்க்கதையுமாகப் பொழுதை ஓட்டிவிடுவார். இப்போது அதற்கும் மனமில்லை.

"அக்கரைக்காரங்க டிரெய்லர்ல ஏத்தி இங்கதானே கொண்டாறாங்க. எனக்கெதுக்கு ரெண்டாவது லைசென்ஸு?" என்பார்.

"அப்ப பாலத்து நடுவுல நின்னா நீ பாதி டாக்டரு, பாதி வெட்டிப்பயலாடா?" என்று சிரிப்பார் கேலன் ரூட். அக்கரைப் பண்ணைக்காரர். இளவட்ட நாளில் இருவரும் ரோடியோ பந்தயத்தில் ஒன்றாக முரட்டுக் குதிரை ஏறி, ஒன்றாக எலும்பை முறித்துக்கொண்டவர்கள்.

மார்ச் மாதம், ஆலங்கட்டி மழை பெய்த ஒரு காலை நேரம். கேலனின் பெண்குதிரை பிளம் குட்டி போட முடியாமல் விழுந்துவிட்டது.

"குட்டி குறுக்க மாட்டிக்கிச்சுடா. சீக்கிரம் வா!" என்று ஃபோனில் கத்தினார் கேலன்.

வெர்லின் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பறந்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. நின்றதா, நிறுத்தினாரா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டார். லைசென்ஸ் இல்லாமல் அக்கரையில் கை வைத்த டாக்டர் ஒருவர் இருந்த லைசென்ஸையும் பறிகொடுத்த கதை அவர் நினைவுக்கு வந்தது.

ஃபோன் செய்தார். "எப்படியாவது ஏத்திக் கொண்டாந்துடு, கேலன்."

"படுத்துக் கெடக்குறவள எப்படிடா ஏத்துறது? எங்க இருக்க நீ?"

"பாலத்துகிட்ட. அக்கரை டாக்டரக் கூப்பிட்டிருக்கேன், வந்துட்டே இருக்காரு. அதுவரைக்கும் நான் சொல்ற மாதிரி செய். கைய உள்ள விட்டு..."

கேலன் கையை விட்டார். வெர்லின் சொல்லச் சொல்ல, கண்ணால் பார்க்காத குட்டியின் காலைத் தேடினார். அந்த டாக்டர் வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, குட்டியும் இல்லை. ஃபோனில் கேலனின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கேலன் இணைப்பைத் துண்டித்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் வெர்லின் சட்ட வகுப்புக்குப் போனார். இம்முறை முன் வரிசை. மத்தியானத்துக்கு மேல் பாடம் நடத்திய பெண்மணி போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: மிருகத்தின் உயிருக்கு ஆபத்தென்றால், காசு வாங்காமல் யார் வேண்டுமானாலும் உதவலாம், அக்கரையில் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

வெர்லின் எழுந்துவிட்டார். "இது எப்பம்மா வந்துச்சு?"

"ரொம்ப வருஷமா இருக்கே, சார். ஒவ்வொரு வகுப்புலயும் சொல்றதுதான்."

அந்த நேரமெல்லாம் அவர் மோட்டலில் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தார். அத்தனை வகுப்பிலும் அவருடைய கையெழுத்து இருந்தது, அவர்தான் இல்லை.

புது லைசென்ஸ் வந்த அன்றே பாலத்தைத் தாண்டினார். கேலன் வேலிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வெர்லின் எதையும் மறைக்காமல், ஆப்பிள் பை தின்ற கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

"சட்டம் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு வந்திருப்பேன், கேலன். சத்தியமா வந்திருப்பேன்."

கேலன் கம்பியை முறுக்கி முடித்தார். குறடைக் கால்சட்டைப் பையில் செருகினார்.

"வந்திருப்பதான். ஆனா நான் அன்னிக்கு டாக்டரக் கூப்பிடலடா. உன்னத்தான் கூப்பிட்டேன்."

அடுத்த கம்பத்துக்கு நடந்து போனார். வெர்லின் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார்.