விலாசம்: சயான்

வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போவது எப்படி என்று எனக்கு வகுப்பெடுத்தவர், வெளிநாட்டில் ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருமுறை பாங்காக்குக்கு டூர் போயிருக்கிறார். அங்கே யானைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்துக்குச் சட்டம் போட்டு, மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சமோசாக் கடையின் மாடியில் மாட்டிவிட்டு, வாசலில் 'இன்டர்நேஷனல்' என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான் இன்ஸ்டிட்யூட். அவர் தரும் சான்றிதழில் ஒரு தங்க முத்திரை இருக்கும். நகத்தால் சுரண்டினால் கையோடு வந்துவிடும். சுரண்டிப் பார்த்திருக்கிறேன்.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலிருந்து ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம் என்பதை எந்தப் பாடத்துக்குள்ளும் எப்படியாவது நுழைத்துவிடுவார். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி, நாக்கைச் சுருட்டுவது. 'வாட்டர்' என்று சொன்னால் வேலை கிடைக்காதாம், 'வாரர்' என்றால் கிடைக்குமாம். எம்.ஏ. படித்த பெண்களும் பையன்களும் வரிசையாக உட்கார்ந்து 'வாரர், வாரர்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கீழே சமோசா பொரிப்பவர் மேலே நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். அந்தக் கட்டடத்தில் புத்தி தெளிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் நாளே என் ஆதாரைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கியது.

"தாராவியா? இத எங்கயும் சொல்லிண்டு இருக்காதீங்கோ. சிங்கப்பூர்னு சொல்லிடுங்கோ. தமிழ் மூஞ்சி, பொருந்தும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரை மறைப்பதற்கு எங்களுக்கா டிரெயினிங்? தாராவியில் பிறந்த எந்தப் பிள்ளையையும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுப்பாருங்கள். 'சயான்' என்று சொல்லும். சயான் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன், கௌரவமான பெயர். ரயிலில் கேட்டாலும் சயான், கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தாலும் முதலில் சயான்தான். பேச்சு ஏறக்குறைய முடிவான பிறகுதான் தாராவி மெதுவாக வெளியே வரும். என் வாப்பா தோல் பை தைப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருடமாகியும், அவர் தைத்த பைக்குள் ஒட்டும் சீட்டில்கூட சயான் என்றுதான் அச்சடித்திருக்கிறார்.

இத்தனை மறைத்தும் பயன் இல்லை. பி.எட். முடித்து நான் ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் பேட்டி நன்றாகத்தான் போகும். கடைசியில் ஆதாரை நீட்டுவேன். "போன் பண்ணுகிறோம்" என்பார்கள். ஒரு பிரின்சிபால் அம்மாள், தினமும் குளிக்க அங்கே தண்ணீர் வருமா என்று பரிவோடு கேட்டாள். அவள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதனால்தான் வெளிநாடு. வியட்நாமில் ஒரு சின்ன ஊர், ஒரு தனியார் பள்ளி. என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, நிஜமான பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதை வீடியோ காலில் பார்க்க வேண்டும் என்று அதன் உரிமையாளரான பெண்மணி எழுதியிருந்தார். அது தவறினால் எனக்கு ஐரோலிதான். அங்கே ஒரு கால் சென்டரில், கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவர்களை மிரட்டும் வேலையை என் அண்ணன் பேசி முடித்துவைத்திருந்தார்.

"இங்கிலீஷ் பேசத்தானளா ஆசப்படுத? அங்கன ஏசில ஒக்காந்து பேசு. சும்மா காலிபீலி வியட்நாம்னு அலையாத" என்றார்.

நான் டியூஷன் எடுப்பது வாப்பாவின் பட்டறைக்கு மேலே உள்ள பரணில். கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் என் பிள்ளைகளுக்குக் கத்தித்தான் பதில் சொல்லத் தெரியும். வீடியோ கால் அன்று இன்ஸ்டிட்யூட் சார் நேரில் வந்தார். மாணவி தேறினால் விளம்பரத்துக்கு ஆகுமே. சந்துக்குள் நுழைந்தபோது மூக்கில் வைத்த கைக்குட்டையை இறங்கிப் போகும்வரை எடுக்கவில்லை. தோல் கட்டின் மேல் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். அவர் அப்படி அந்தரத்தில் இருந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

பாடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. உலகத்தில் எந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் முதலில் வருகிற பாடம்: நீ எந்த ஊர்? நான் இன்ன ஊர்.

போனைச் சுவரில் சாய்த்துவைத்தேன். திரையில் அந்தப் பெண்மணி நோட்டும் பேனாவுமாக இருந்தார். நான் மேஜையைத் தட்டினேன், பிள்ளைகள் எழுந்தார்கள். ஒவ்வொருவராகக் கேட்டேன். ஐ யாம் ஃப்ரம் சயான். ஐ யாம் ஃப்ரம் சயான். மெஷின் சத்தத்துக்கு மேலே எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பே வீட்டில் கற்றுக்கொண்டு வந்தது அது. சார் தலையாட்டினார். நல்ல பிள்ளைகள் என்று மெச்சுகிற தலையாட்டல்.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், நீங்கள் எந்த ஊர்?" என்று அந்தப் பெண்மணி இங்கிலீஷில் கேட்டார். கைக்குட்டைக்கு மேலே சாரின் கண்கள் 'சிங்கப்பூர், சிங்கப்பூர்' என்றன.

"ஐ யாம் ஃப்ரம் தாராவி" என்றேன்.

முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, எனக்காகப் பதறிப்போய், "மிஸ், சயான் போலோ! சயான்னு சொல்லுங்க!" என்றாள்.

எனக்கு ஐரோலி கண்ணில் தெரிந்தது.

அந்தப் பெண்மணி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "தாராவி... டெல்லிக்குப் பக்கமா?" என்றார். இல்லை என்றேன். "சரி. வருடம் முழுக்க இருப்பீர்களா? போன தடவை வந்த வெள்ளைக்காரர் பாதியில் கடற்கரை பார்க்கப் போனவர் திரும்பவில்லை." இருப்பேன் என்றேன். அவ்வளவுதான். நாங்கள் தலைமுறை தலைமுறையாக நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்த பெயர் அந்த அம்மாளுக்கு ஒன்றுமே இல்லை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

வேலை கிடைத்தது. சார் அன்றே என் படத்தை யானைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அடுத்த வாரம் அந்தப் பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் வந்தது. என் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, மேலே கொட்டை எழுத்தில் 'லண்டனிலிருந்து வருகிறார் புதிய ஆசிரியை' என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். நான் லண்டன் இல்லை, மாற்றுங்கள் என்று எழுதினேன். பெற்றோர்களுக்குப் பிடிக்கும் என்று பதில் வந்தது, கூடவே ஒரு பூ பொம்மை. செம்பூர் மாடியிலும் சந்துமுனையிலும் கடல் தாண்டியும் ஒரே புத்தி. டிக்கெட் எடுத்தாயிற்று. திரும்பினால் ஐரோலி. அந்தப் பூவுக்கு நான் பதில் அனுப்பவில்லை.

வாப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. மெஷினை நிறுத்திவிட்டு போனைத் தூரத்தில் பிடித்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல பெருசா என்னளா போட்டிருக்கு?"

"சயான்னு போட்டிருக்கு வாப்பா."

"நல்லதாப் போச்சு" என்றார். "தாராவின்னு போட்டிருந்தா எவன் புள்ளைய அனுப்புவான்?" போனை என் கையில் கொடுத்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.